பூக் கண்காட்சியில் பூ வைக்கக் கூடாது

போன வாரம் நஸீமா போன் செய்தாள். நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் பழைய பொருட்களைச் சீர்செய்யும் லேபுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நானோ ஓய்வு பெற்று, பெங்களூரு ஜோகுபாளையத்து வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, மருமகள் வைக்கும் சாம்பாரில் குறை கண்டுபிடிப்பதை முழுநேர உத்தியோகமாக வைத்திருக்கிறேன்.

"அக்கா, புதுசா வந்த டைரக்டர் சார் பூக் கண்காட்சிய மறுபடி போடலாம்னு சொல்றார். தொடக்க விழாவுக்கு ஹாலுக்குள்ள நிஜப் பூவுல ரங்கோலி போடணுமாம். கூடாதுன்னேன். ஏன்னு கேக்கறார். புதுப் பசங்க வேற, அந்தக் குல்லா எதுக்குன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. நீங்க எழுதிக் குடுங்களேன்."

"நீயே சொல்லேன். நீயும்தானே அன்னிக்கு இருந்தே?"

"நான் சொன்னா ரூல் மாதிரி இருக்குக்கா. நீங்க சொன்னாதான் நடந்த மாதிரி இருக்கும்."

இப்படி ஒரு பாராட்டைக் கேட்ட பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? சாம்பாரை மறந்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் பூங்காவனம். பெயரில் ஒரு தோட்டத்தையே வைத்துக்கொண்டு, ஒரு முழம் மல்லிகையைக்கூட உள்ளே விடமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றவள் நான்தான். நீங்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அங்கே எலக்ட்ரீஷியன். காட்சிப் பெட்டிகளுக்குள் விளக்குப் போடுவது அவர் வேலை. மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு, கைக்குழந்தையோடு நின்ற எனக்கு அங்கேயே காவல் வேலை கொடுத்தார்கள். கூடத்தின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, 'தொடாதீங்க, முட்டபேடி, டோண்ட் டச்' என்று மூன்று பாஷையில் கத்த வேண்டும். சிவாஜிநகர் பிள்ளைகள் வந்தால் 'ஹாத் மத் லகாவ்' என்று நாலாவதாக உருதுவையும் சேர்த்துக்கொள்வேன். கத்திக் கத்தித் தொண்டை போனதும், துடைக்கிறேன், தூக்குகிறேன் என்று காட்சிப் பிரிவில் போய் ஒட்டிக்கொண்டேன். கடைசியில் அந்தப் பிரிவுக்கே தலைமையாகி ஓய்வு பெற்றேன். நடுவில் உள்ள வருடங்களை விட்டுவிடுகிறேன். துடைத்தேன், தூக்கினேன், கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

கற்றுக்கொடுத்தவர் சுமித்ரா மேடம். கண்காட்சிகள் எல்லாம் அவர் பொறுப்பு. பசவனகுடிக்காரர். வீட்டில் கன்னடம், தமிழ் எங்களிடம் பிடித்தது. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, அதற்குக் கீழே சத்தம் வராத ரப்பர் ஷூ, கொண்டையில் ஒரு பென்சில். கூடத்துக்குள் பேனா கூடாது, மை சிந்தினால் போகாது என்பதால் பென்சில். அதைக் கொண்டையில் குத்தி வைத்துவிட்டு, பென்சில் எங்கே என்று ஊரெல்லாம் தேடுவார்.

மேடம் யாரையும் திட்டியதே இல்லை. "அப்புறம்?" என்று கேட்பார், அவ்வளவுதான். காட்சிப் பிரிவுக்குப் போன முதல் நாள், ஒரு பீங்கான் ஜாடியை எடுத்து வா என்றார். நான் வளையலைக் கழற்றி, கையைத் துடைத்து, ஒரு கையை அடியிலும் ஒரு கையைப் பக்கத்திலும் கொடுத்து, ரொம்பப் பதவிசாகத் தூக்கிவிட்டேன். "அப்புறம்?" என்றார். அப்புறம் என்ன? எங்கே வைப்பது? சுற்றிப் பார்த்தேன். மேசை நிறையப் பொருட்கள். ஒரு சாண் இடம் இல்லை. ஜாடியை அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். மேடம் அவசரமே படாமல் ஒரு மேசையைக் காலி செய்து, அதன்மேல் மெத்தென்ற விரிப்பைப் போட்டு, "இப்போ வை" என்றார். வைத்ததும் சொன்னார்: "தூக்கறதுக்கு முந்தி வைக்கற இடத்த வாய்விட்டுச் சொல்லணும். எப்பவும்." அன்றிலிருந்து வீட்டில் குக்கரை இறக்கும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் இறக்குகிறேன். என் மகன் பயந்து கொஞ்ச நாள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

மேடத்தின் இன்னொரு பிரம்மாஸ்திரம் "யோச்னெ மாடோண". யோசிப்போம் என்று அர்த்தம். யாராவது ஒரு திட்டத்தோடு வந்து, மேடம் அதைக் கேட்டுச் சிரித்து, "யோச்னெ மாடோண" என்றால் அந்தத் திட்டத்துக்குப் பால் ஊற்றிவிடலாம். ஆனால் சில சமயம் நிஜமாகவே யோசிப்பார். கொண்டைப் பென்சிலை உருவிக் கையில் எடுத்தால் நிஜ யோசனை என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பூக் கண்காட்சி மேடத்தின் பல வருட ஆசை. பூவை வைத்து மனுஷன் என்னென்ன செய்திருக்கிறானோ அத்தனையும் ஒரே இடத்தில். தாமரை வரைந்த பழைய திரைச்சீலை, ஈட்டி மரத்தில் பூ இழைத்த மைசூர்ப் பெட்டி, கான்வென்ட் சிஸ்டர்கள் பட்டு நூலில் பின்னிய ரோஜா லேஸ், பூப்போட்ட கம்பளி விரிப்பு, பித்தளைப் பூக்கூடை. பாதிக்கு மேல் இரவல். கொடுத்தவர்கள் எல்லாரும் மேடத்தின் முகத்துக்காகக் கொடுத்தவர்கள். ஒரு பூச்சி அரித்தால்கூட அடுத்த தடவை யாரும் ஒரு கைக்குட்டை தரமாட்டார்கள்.

இங்கேதான் நிஜப் பூ வில்லனாகிறது. கம்பளத்தில் வரும் ஒரு வண்டு இருக்கிறது. கடுகு அளவுதான். வளர்ந்த வண்டு பரம சாது, பூவில் மகரந்தத்தைத் தின்றுகொண்டு கிடக்கும். அதன் புழுவுக்குத்தான் கம்பளியும் பட்டும் வேண்டும். நாம் பூவைத் தலையில் வைத்து உள்ளே வந்தால், வண்டும் டிக்கெட் இல்லாமல் கூடவே வருகிறது. ஓர் இடம் பார்த்து முட்டை வைக்கிறது. நமக்குத் தெரியும்போது லேசில் ரோஜாவுக்குப் பதில் ஓட்டைதான் இருக்கும். ஆகவே கூடத்துக்குள் மாலை கிடையாது, பொக்கே கிடையாது, தலையில் பூ கிடையாது.

அதே வண்டுக்காகத்தான் எங்களிடம் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. கடைகளில் வைத்திருப்பார்களே, அதே பெரிய ஃப்ரீசர். பக்கத்தில் கோன் ஐஸ் படம்கூடப் போட்டிருக்கும். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் ஒரு தடவை ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே கம்பளி விரிப்பைக் கண்டு மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து எந்தத் துணி வந்தாலும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதற்குள் வாரக்கணக்கில் உறைய வைப்போம். புழு, முட்டை எல்லாம் செத்துப்போகும். எடுத்த பிறகும் உறையை உடனே பிரிக்கக் கூடாது. பொருள் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பொருளுக்கு வியர்த்துவிடும். நஸீமா அப்போதுதான் லேபில் சேர்ந்திருந்தாள். அந்த உறைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இதுக்கு இன்னும் ஜுரம் வரல" என்பாள்.

கண்காட்சியின் நடுநாயகம் ஒரு மொக்கு ஜடை. கல்யாணப் பெண்ணுக்குப் பின்னலின் மேலே மல்லிகை மொக்குகளை வரிசையாகத் தைத்து வைப்பார்களே, அது. ஆனால் இது மல்லிகை இல்லை. பட்டுக்கூட்டில் செய்தது. நூல் எடுக்க லாயக்கில்லை என்று ஒதுக்கிய கூடுகளை வாங்கி, மொக்கு மொக்காக வெட்டி, காம்புக்குப் பச்சைச் சாயம் தோய்த்து, நடுவில் ஜரிகை வைத்துத் தைத்திருந்தாள் சந்திரா. ஆனேக்கல்காரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுக்குப் பூக்கடை. மேடம் ஒரு கைவினைச் சந்தையில் அவளுடைய சின்னச் சின்னப் பூக்களைப் பார்த்துவிட்டு, ஜடை ஒன்று செய்து தரச் சொல்லியிருந்தார்.

அவள் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, மடியில் கிடத்தி, பஸ்ஸில் கொண்டு வந்தாள். நான் மேசையைக் காலி செய்து, விரிப்பைப் போட்டு, வைக்கும் இடத்தை வாய்விட்டுச் சொல்லி, அதை வாங்கி வைத்தேன். பிரித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இத இப்போ ஐஸ் பெட்டியில வெக்கணும். பூச்சி சாவறதுக்கு" என்றேன், அவள் கோபித்துக்கொள்வாளோ என்ற பயத்தோடு.

"வையி. நாங்களும் மிஞ்சின பூவ அதுலதான வெக்கறோம்" என்றாள் சந்திரா, ரொம்ப சாதாரணமாக. பிறகு, "இத்த எப்பிடிக்கா மாட்டுவே? ஆணியில தொங்கவுட்டா அசிங்கமா இருக்கும்" என்றாள்.

"நீ வந்து பாரு. அப்புறம் சொல்லு" என்று சவால் விட்டேன்.

விட்ட சவால் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஜடையைத் தொங்கவிட்டால் மொத்தப் பாரமும் மேல் தையலில் விழும். படுக்க வைத்தால் செத்த பாம்பு மாதிரி இருக்கும். கடைசியில் ஃபோமில் ஒரு பெண்ணின் தலையும் முதுகும் செதுக்கினேன். முகம் கிடையாது. கறுப்புப் பருத்தித் துணி சுற்றி, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வைத்தேன். குனிந்தால் முதுகு சரிவாகும், ஜடை தொங்காமல் அதன்மேல் படுத்துக்கொள்ளும். துணி நாடாவால் நாலைந்து இடத்தில் பூப்போல ஒரு பிடி கொடுத்தேன். மேடம் சுற்றிச் சுற்றி வந்து, "அப்புறம்?" என்றார். "அப்புறம் ஒண்ணுமில்ல மேடம். வெக்கப்பட்டுக் குனிஞ்சிட்டா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கொண்டைப் பென்சில் கீழே விழுந்தது.

தொடக்க விழா அன்று காலையிலிருந்தே எனக்கு ஒரே குஷி. புதுச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அழைப்பிதழிலேயே 'தலையில் பூ வைத்து வர வேண்டாம்' என்று அச்சடித்திருந்தோம். நம் பெண்கள் அதைப் படிப்பார்களா என்ன? பூக் கண்காட்சி என்றால் பூ வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அதனால் வெளி வராண்டாவில் ஒரு மேசை போட்டு, கோயிலில் செருப்புக்குத் தருவது போல டோக்கன் கொடுத்துப் பூ வாங்கி வைத்தேன். இளசுகள் சட்டென்று உருவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காக்ஸ் டவுனிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா மட்டும், "திருப்பித் தர்றப்ப அளந்து வாங்குவேன்" என்று எச்சரித்தார். என் மேசை கே.ஆர். பூ மார்க்கெட் ஆகிவிட்டது.

அப்போதுதான் சந்திரா வந்தாள். கருநீலப் பட்டுச் சேலை. தலையில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை குண்டு மல்லி.

"உனக்கு நானே போன்ல சொன்னேனே" என்றேன்.

"சொன்னக்கா. வெக்காமதான் வர்றதா இருந்தேன். அவருக்கு ஆப்பரேஷன் இன்னிக்குன்னு சொல்லிட்டாங்க."

அவள் புருஷனுக்குப் பித்தப்பையில் கல். நாலு நாளாக இதே ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மகள் அங்கே காவல். அவர்தான், நான் மயக்க ஊசி போட்டுத் தூங்கத்தானே போகிறேன், நீ இங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், போய் உன் ஜடையைப் பார்த்துவிட்டு வா என்று விரட்டியிருக்கிறார். மகளை அனுப்பி ஆஸ்பத்திரி வாசலில் பூ வாங்கி வரச் செய்து, வைத்துக்கொண்டு போ என்றும் சொல்லியிருக்கிறார்.

"இப்போ உள்ள தியேட்டர்ல படுத்துக்கினு இருக்காரு. இந்த நேரத்துல பூவ எடுன்னா எப்பிடிக்கா எடுப்பேன்?"

"வண்டு வரும் சந்திரா. உன் ஜடையத்தான் மொதல்ல திங்கும்."

"தின்னா வேற செஞ்சிக்கலாம். அவரு ஒருத்தருதான இருக்காரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதால் உடனே திறந்தும் விட்டேன். "எனக்கு அந்தக் கவலை இல்லம்மா. எங்க வீட்டுல வெக்கச் சொல்ல ஆளில்ல" என்றேன். வேடிக்கையாகத்தான் சொல்ல வந்தேன். குரல் அப்படி வரவில்லை. சந்திரா என் தலையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"சரிக்கா. நான் இங்கயே ஓரமா நிக்கறேன். நீ உள்ள போயி ஒரு போட்டோ புடிச்சினு வந்து காமி" என்று வராண்டாத் தூணில் சாய்ந்துகொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வண்டு மேலா, விதி மேலா, இன்றைக்கென்று பார்த்து வலித்த பித்தப்பை மேலா. உள்ளே அவளுக்குப் போர்த்தச் சால்வை காத்திருக்கிறது. அவள் செய்த ஜடையை ஊரே பார்க்கப் போகிறது. அவள் மட்டும் வெளியில் நின்று என் போனில் பார்ப்பதா? அதற்கா நான் ராத்தூக்கம் இல்லாமல் ஒருத்தியைக் குனிய வைத்தேன்?

ஆள் அனுப்பி மேடத்தை வரவழைத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். சந்திராவிடம் முதலில் கேட்டது, "எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார்?" என்பதுதான். பிறகு என்னைப் பார்த்து, "யோச்னெ மாடோண" என்றார். இதற்கும் பால்தான் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் கை கொண்டைக்குப் போனது. பென்சிலை உருவினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அந்த நேரம் பார்த்து, வெளியே என்ன கூட்டம் என்று பார்க்க நஸீமா லேபிலிருந்து ஓடி வந்தாள். தலையில் ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸ் போடுவது போல நீல நிறத்தில் உப்பலான குல்லா. வேலை செய்யும்போது முடி பொருளில் விழாமல் இருக்க லேபில் எல்லாரும் போடுவது. மேடம் அவளைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். சந்திரா மூன்று பேரையும் பார்த்தாள்.

"முடி வெளியே விழாதுன்னா, வண்டு?" என்றார் மேடம்.

நஸீமா குல்லாவைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துணியின் கண்களைப் பார்த்தாள். "ரெண்டு போட்டா வராது மேடம்."

"நம்பிக்கை வேற. சோதனை வேற" என்றார் மேடம்.

அங்கேயே சோதனை நடந்தது. கோட்டுப் பையிலிருந்த புதுக் குல்லா ஒன்றைச் சந்திராவின் தலையில் மாட்டி, காதுகளுக்குப் பின்னாலும் பிடரியிலும் எலாஸ்டிக் உட்கார்ந்திருக்கிறதா என்று நஸீமா விரல் விட்டுப் பார்த்தாள். அதன்மேல் இன்னொன்று. குண்டு மல்லியும் கொண்டையும் சேர்ந்து தலை ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. நான் மேசைமேல் பெரிய வெள்ளைத் தாளை விரித்தேன். சந்திரா அதன்மேல் குனிந்து, சாமி வந்தவள் போலத் தலையை ஆட்டினாள். மேடம் பூதக்கண்ணாடியோடு தாளை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஆராய்ந்தார். ஒரு இதழ் இல்லை, ஒரு பொடி இல்லை. "இன்னொரு தடவை. ஜோரா" என்றார். சந்திரா ஜோராக ஆட்டினாள். ஒன்றும் விழவில்லை. டீச்சரம்மா கை தட்டினார்.

தலைமை விருந்தினர் வந்திருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, அவர் கார் ஹெப்பாள் பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரு டிராஃபிக்கால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

சந்திரா ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். முகம் வாடியது. "மேடம், எல்லாரும் நல்லா டிரஸ் பண்ணிக்கினு வந்திருக்காங்க. நான் மட்டும் இப்பிடியா மேடைக்கு வர்றது?"

மேடம் நஸீமாவிடம் கையை நீட்டி ஒரு குல்லா வாங்கினார். பென்சில் குத்திய கொண்டையின்மேல் மாட்டினார். "நஸீமா, லேப்ல இருக்கறது எல்லாத்தையும் கொண்டு வா. எல்லாருக்கும். நான் முதல்ல போட்டு ஆயித்து. பூங்காவனம், நீ அடுத்தது."

நான் இந்த வேலையில் பார்த்த ஆகப் பெரிய காரியம் எது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன். பெரிய படிப்பு, பெரிய பெயர், ஊரெல்லாம் மதிக்கும் மனுஷி. தன் வாழ்நாள் ஆசை மேடையேறும் நாளில், தலையில் நீலப் பூசணிக்காயோடு நிற்கத் துணிந்தார். அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் கூத்து. டோக்கன் வாங்கிப் பூவை விட்டவர்கள் திரும்பி வந்து, பூவை வைத்துக்கொண்டு குல்லா கேட்டார்கள். டீச்சரம்மா சொன்னபடியே அளந்துதான் வாங்கினார். பூவே வைக்காத ஆண்களும் கை நீட்டினார்கள். விருந்தினர் வந்து இறங்கினார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. தலையில் ஒரு முடி கிடையாது. நஸீமா தயங்கித் தயங்கி ஒன்றை நீட்டினாள்.

"எனக்கு எதுக்கம்மா? எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்றார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்" என்றார் மேடம்.

அவர் ஒரு கணம் யோசித்து, குனிந்து, தலையைக் காட்டினார். நான்தான் மாட்டிவிட்டேன். வழுக்கிக்கொண்டே போனதால் இரண்டு தடவை இழுத்துவிட வேண்டியிருந்தது.

உள்ளே போனதும் சந்திரா மேடையைப் பார்க்கவில்லை, நேராக ஜடையிடம் போனாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்தாள். குனிந்த தலையையும் சரிந்த முதுகையும் பார்த்தாள். "அக்கா, இவ யாரு?" என்றாள்.

"யாருமில்ல. ஃபோமு."

"இல்லக்கா. இவளுக்கு இன்னிக்குக் கல்யாணம்" என்று சொல்லி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான், வேறு எதுவும் வேண்டியிருக்கவும் இல்லை.

விருந்தினர் பேசினார். பூ மென்மை, பூ தத்துவம் என்று நீட்டிக்கொண்டே போனார். பிறகு சந்திராவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தும்போது அவள் போன் அடித்தது. மகள்தான். மேடையில் நின்றபடியே எடுத்துப் பேசினாள். போனை வைத்துவிட்டு, மைக் இருப்பதை மறந்து, "எடுத்துட்டாங்களாம். நல்லா இருக்காராம். கல்லு மூணு இருந்திச்சாம்" என்றாள். விருந்தினர் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். யாருக்கும் எதற்கு என்று சரியாகத் தெரியாது. நீலக் குல்லாக்கள் மட்டும் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விழா முடிந்து எல்லாரும் வராண்டாவுக்கு வந்தார்கள். காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்திரா குல்லாக்களைக் கழற்றினாள். இனிப் பூவை எடுக்க அவளுக்கு ஒரு பயமும் இல்லை. மொத்தச் சரத்தையும் உருவி, கட்டை விரல் நகத்தால் நறுக்கென்று துண்டு துண்டாகக் கிள்ளி, நல்ல சேதி வந்த சந்தோஷத்தில் அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தாள். பூக்காரி கை, அளவு ஒரு மொக்கு கூடாது, குறையாது.

இப்படிப்பட்ட நேரங்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். யாரும் சங்கடப்படக் கூடாது அல்லவா? ஆபீஸில் வரமகாலட்சுமி பூஜைக்குப் பூ கொடுக்கும்போது நான் ஃபைல் தேடப் போவேன். அன்றைக்கு, கழற்றிப் போட்ட குல்லாக்களைப் பையில் கட்டிக்கொண்டிருந்தேன். சந்திரா என் பக்கம் வந்து நின்றாள். கையில் ஒரு துண்டு மல்லிகை.

"எனக்கு வேணாம் சந்திரா. அப்பவே சொன்னேனே."

"பூ வேணான்னு நீ சொல்லவே இல்லியே. வெக்கச் சொல்ல ஆளில்லன்னுதான் சொன்ன."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மேடம் சற்றுத் தள்ளி காபியோடு நின்றிருந்தார். எங்களைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, ரொம்ப மும்முரமாகத் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாராவது பாத்தா என்ன சொல்வாங்க?" என்றேன்.

"குல்லா போட்டுக்கினுதான உள்ள போவப்போற. யாருக்குத் தெரியும்?"

வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் எனக்குப் பூவை நீட்டியதில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பொய். கை தானாக நீண்டது. திரும்பி நின்றேன். அவளே வைத்து, ஹேர்பின் குத்தி, மேலே இரண்டு குல்லாக்களை இழுத்துவிட்டாள். பிடரியில் சில்லென்று பட்டது. எத்தனை வருடம் ஆனாலும் அந்தச் சில்லிப்பு மறக்காது போலிருக்கிறது. விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் மாங்காய் தின்ற நாளுக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. வெள்ளைத் தாள்மேல் குனிந்து நானும் ஜோராகத் தலையை ஆட்டினேன். ஒன்றும் விழவில்லை. விதி விதிதான்.

சந்திரா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் உள்ளே போய் ஜடைக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டம் கலைந்துவிட்டது. கடைசியாக ஒரு பெரியவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியை நெருங்கி இன்னொரு தடவை உறிஞ்சினார்.

"பட்டுக்கூட்டுல செஞ்சதுன்னு எழுதியிருக்கு. வாசனை வருதேம்மா. சென்ட் போட்டீங்களா?"

"இல்ல சார். அதுக்கே உண்டு."

அவர் ஆச்சரியப்பட்டு, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்தார். நான் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.